ஊர் கூடி இழுத்த தேர்



கைப்பேசியில் ஒரு சேதி தட்டினால் மறுநொடி கடல் கடந்து போகிறது. அதற்குப் பின்னால் பெரிய பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் முதலாளி இல்லாமல், சம்பளம் வாங்காத தொண்டர்களே நடத்தும் அரட்டை வலை ஒன்று உண்டு என்றால் நம்புவீங்களா? அதன் பெயர் ஐ.ஆர்.சி.

1988 ஆகஸ்டு மாதம் பின்லாந்து நாட்டு ஔலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஒய்க்கரினென் என்பவர் இதை உருவாக்கினார். விலை வைத்து விற்கவில்லை. பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் அது பரவியது. 1991இல் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, அங்கிருந்த செய்திகள் இதன் வழியாகவும் வெளியே வந்தன.

நம் நாட்டில் 1992இல் மிமோஸ் நிறுவனம் ஜாரிங் இணையச் சேவையைத் தொடங்கியது. 1996இல் டிஎம்நெட் வந்தது. அந்தக் காலத்தில் கோலாலம்பூர், கிள்ளான் பக்கத்து இளைஞர் பலர் சைபர் கஃபேயில் காசு கொடுத்து உட்கார்ந்து இதில்தான் அரட்டை அடித்தார்கள். 1994இல் பிறந்த டால்நெட் என்ற வலை இங்கே பேர் போனது.

இது எப்படி நடக்கிறது? பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையமும் ஒரு சர்வர், அதாவது எந்நேரமும் விழித்திருக்கும் கணினி. நீங்கள் ஏதாவது ஒரு நிலையத்தில் ஏறினால் போதும். உங்கள் பேச்சு வரிசையாக மற்ற நிலையங்களுக்கும் போய்ச் சேரும். சுபாங் ஜெயாவில் பாதை அறுந்தால், கிள்ளான்காரர் தங்களுக்குள் பேசலாம், பிரிக்பீல்ட்ஸ்காரர் தங்களுக்குள் பேசலாம். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது. பாதை சேர்ந்ததும் கூட்டம் ஒன்றாகிவிடும்.

சர்வரை இலவசமாகக் கொடுப்பது ஏதோ ஒரு பல்கலைக்கழகம் அல்லது நிறுவனம். இரவு கண் விழித்துப் பார்த்துக்கொள்வது, சண்டை போடுபவரை வெளியேற்றுவது எல்லாம் தொண்டர் வேலை. பேச்சறை ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலர். பெரும்பாலும் அறையை முதலில் திறந்தவரே அவர்.

தொண்டு என்றால் தகராறு இருக்காதா? இருந்தது. யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரை வந்து இணைக்கலாமா என்ற வழக்கில் 1990இலேயே வலை இரண்டாகப் பிளந்தது. 2021 மே மாதம் இன்னும் பெரிய சோதனை. ஃப்ரீநோட் என்ற வலையின் உரிமை யார் கையில் என்று சச்சரவு எழுந்தது. தொண்டர்களில் பெரும்பாலோர் விலகிப்போய் லிபெரா சாட் என்ற புது வலையைத் தொடங்கினார்கள். பேர் பழைய இடத்திலேயே இருந்தது. ஆனால் உபுண்டு, விக்கிமீடியா போன்ற பெரிய குழுக்களோ தொண்டர்களைத் தேடிப் போய்விட்டன.

இதில் நமக்குப் பாடம் உண்டு. ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் வள்ளுவர். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில்தான் தோட்டங்கள் வாங்கியது. நம் பள்ளியும் அப்படித்தான். கட்டடத்தில் பெயர்ப் பலகை இருந்தால் மட்டும் பள்ளி ஓடாது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வரும் பத்துப் பேரும், கோத்தோங் ரோயோங்கில் மண்வெட்டி பிடிக்கும் கைகளும் நின்றுபோனால், தேரும் நின்றுவிடும்.

அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் வாங்க.