புறா மலரும் நம் தோட்டங்களும்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் நாம் பார்த்து வளர்ந்த மரங்களுள் பெரும்பாலானவை, நம் முன்னோரைப் போலவே, கடல் கடந்து வந்தவை. பிரேசில் நாட்டு இரப்பர் விதைகள் 1876-இல் இலண்டன் கியூ பூங்காவை அடைந்தன. அவற்றின் நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. செம்பனையோ ஆப்பிரிக்காவுக்கு உரியது. 1848-இல் ஜாவாத் தீவின் போகோர் பூங்காவில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்களே சுமத்திரா வழியாக இங்கு வந்தன. அவற்றைக் கொணர்ந்தவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) தென்னமரம் தோட்டத்தில் செம்பனை முதன்முறையாக வாணிக நோக்கில் பயிரிடப்பட்டது. பெயரில் ஒலிப்பது தென்னை, நட்டது செம்பனை! பின்னாளில் இவர் மலாயாத் தோட்ட வாழ்வை நாவலாக எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் பெற்றார்.

இத்தனை வந்த மரங்களுக்கு நடுவே இம்மண்ணுக்கே உரிய செடி ஒன்று உண்டு. அதுதான் புறா ஆர்க்கிட். மலாய்க்காரர் 'அங்கெரிக் மெர்பாத்தி' என்பர். 1799-இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஓலோஃப் சுவார்ட்ஸ் அதற்கு 'டெண்ட்ரோபியம் குருமெனாட்டம்' என்று பெயரிட்டார். தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டபோதும் அச்செடி அழிந்துபோகவில்லை. தூசி போன்ற அதன் விதைகள் காற்றில் பறந்து, அயலிலிருந்து வந்த சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களிலேயே குடியேறின. சொந்த ஊரில் அகதியாகி, வந்தவர் வீட்டில் வாழ்வு தேடிக்கொண்டது என்றே எனக்குத் தோன்றும்.

அதன் பூக்கும் முறைதான் பெருவியப்பு. மொட்டுகள் ஓரளவு வளர்ந்து உறங்கிக்கிடக்கும். கடும் வெயிலுக்குப்பின் பெருமழை பெய்து, வெப்பநிலை ஏறத்தாழ ஐந்து பாகை திடீரெனக் குறைந்தால் அவை விழித்தெழும். ஒன்பதாம் நாள் அவ்வட்டாரத்துச் செடிகள் யாவும் ஒரே காலையில் பூக்கும். வெண்ணிறம், நடுவே மஞ்சள், நறுமணம். ஆயுள் ஒரே பகல். எல்லாம் ஒருசேரப் பூப்பதால் தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல வாய்க்கிறது. ஜாவாவில் 1920-களில் கோஸ்டர் என்பார் இதை ஆராய்ந்தார்.

இச்செடியைப் 'புல்லுருவி' என்று எண்ணிச் சுரண்டி எறிவோர் இன்றும் உளர். ஒரு பள்ளியின் துப்புரவுப் பணியின்போது மரம் முழுவதும் இவ்வாறு சுத்தம் செய்யப்பட்டதை நானே கண்டு வருந்தினேன். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். புறா ஆர்க்கிட் தொற்றுத் தாவரம். மரம் அதற்கு வெறும் இருக்கை. நீரையும் சத்தையும் மழையிலிருந்தும் பட்டையில் சேரும் மக்கிலிருந்தும் பெறுகிறது. அறிவியல் பாடத்தில் இவ்வேறுபாட்டைச் சொல்லும் ஆசிரியர்கள் பாடநூல் படத்தோடு நிற்காமல் பள்ளி வாயிலுக்கு வந்தால் போதும்.

வளர்ப்பதும் எளிது. காப்புக் காடுகளில் அனுமதியின்றி எடுப்பது குற்றம். எடுக்கவேண்டிய தேவையும் இல்லை. சாலையோர மரக்கிளைகளை நகராட்சியினர் வெட்டும்போது இச்செடிகள் கிளைகளோடு கீழே விழும். தண்டின் மேல் வேருடன் முளைக்கும் இளங்கன்றுகளையும் பிரித்து நடலாம். மண்ணில் புதைத்தால் வேர் அழுகிவிடும். தேங்காய் மட்டையிலோ சொரசொரப்பான மரப்பட்டையிலோ வைத்து, பழந்துணிக் கீற்றால் கட்டுங்கள். வேர் பற்றும்வரை நாள்தோறும் நீர் தெளியுங்கள். காலை வெயில் படவேண்டும். கூரைக்கு அடியில் மட்டும் தொங்கவிடாதீர்கள். மழை தொடாத செடி எளிதில் பூக்காது.

பெருமழை பெய்த நாளை வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் மாணவரைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். ஒன்பதாம் நாள் முதல் மணி அடிக்குமுன் அவர்களை மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். பிற்பகல் வகுப்பு மாணவரைக் காத்திருக்கச் சொல்லவேண்டாம். மாலைக்குள் மலர் வாடத் தொடங்கிவிடும்.