மட்டக்களப்புத் தேசத்துக் கல்தலங்களின் ஐதீகங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில், வடக்கே வெருகல் தொடங்கித் தெற்கே உகந்தை வரை நீளும் பழைய மட்டக்களப்புத் தேசத்தின் குன்றுகள், குகைகள், ஈமக்கற்கள், கற்சிலைகள் ஆகியவற்றைச் சுற்றி வழங்கும் கதைகள் இத்தலைப்பில் அடங்கும். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமானது. வெருகல் திருகோணமலை மாவட்டத்தில் இருக்கிறது. நிர்வாக எல்லை எப்படிப் போனாலும் கோயில் வாசலில் இக்கதைகள் ஒரே கோவையாகத்தான் சொல்லப்படுகின்றன.

இக்கோவையின் வடபாதிக்கு நடுவில் இருப்பது சித்தாண்டி. மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில், ஏறாவூர்ப்பற்றில் உள்ள வயலூர் இது. சிகண்டி என்ற முனிவர் வேலொன்றை நிறுத்தி வழிபட்ட இடம் என்பது ஊர் ஐதீகம். அங்குள்ள சித்திரவேலாயுத சுவாமி கோயில், மட்டக்களப்பார் திருப்படைக் கோயில்கள் என்று போற்றும் தலங்களில் ஒன்று. கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில், போரதீவு, வெருகல், உகந்தை ஆகியவையும் அவ்வரிசையில் வரும். ஆவணியில் நடக்கும் சித்தாண்டி மயில்கட்டுத் திருவிழாவுக்கு மாவட்டமெங்குமிருந்து சனம் கூடும். ஊர் இருப்பது ஆற்றுப்படுகைச் சமவெளியில். பாறைகள் மேற்கே காட்டோரத்தில் இருக்கின்றன. ஆனாலும் கரையோரக் கோயிலையும் காட்டுக் குன்றையும் சேர்த்துக் கட்டுவது அதே வேலின் கதைதான்.

வேலின் வழி

சூரசங்காரம் முடித்த வேல் வாகூர மலையைப் பிளந்து, கடலில் தோய்ந்து, மூன்று கதிர்களாகக் கிளம்பியதாம். ஒன்று உகந்தை மலையுச்சியில் தங்கியது, ஒன்று திருக்கோவிலில் வெள்ளை நாவல் மரத்தில் தங்கியது, மற்றது மண்டூரில் தில்லை மரத்தில் தங்கியது. கந்தபுராணத்துப் போர்க்களம் திருச்செந்தூர்க் கரையில் முடிவதாகத் தமிழகத்தார் கொள்வர். மட்டக்களப்பார் அக்கதையின் பின்பாதியைத் தங்கள் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்றில் இரண்டு இடத்தில் வேல் இறங்கியது மரத்தில்; ஒன்றே பாறையில். மரமும் கல்லும் வேலும் சேர்ந்த இவ்வழிபாட்டில் வேடர் மரபின் சாயல் தெரிகிறது. சித்தாண்டிக்கு அண்மையில் உள்ள களுவன்கேணி உள்ளிட்ட கரையோர வேடக் குடிகளில் குமாரதெய்வச் சடங்கு நடப்பதும், மண்டூரில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமின்றிப் பூசை செய்வதும் இதற்குச் சான்று. இக்கரையோர வேடரைப் பற்றி சி. ஜி. செலிக்மன் 1911 இல் வெளியிட்ட வேடர் குறித்த நூலில் தனி இயலே உண்டு.

வேலின் வருகைக்கு உகந்தையில் சாட்சியும் காட்டுவார்கள். கடற்கரையில் கிடக்கும் இரு பெரும் பாறைகள், முருகனும் வள்ளியும் வந்திறங்கிய தோணிகள் கல்லானவை என்பது நம்பிக்கை. மலைமேல் வள்ளியம்மனுக்குக் கோயிலும், பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கும் சுனைகளும் உண்டு. திருக்கோணேச்சரம் செல்லும் வழியில் இராவணன் இங்கே தங்கிச் சிவனை வணங்கினான் என்றொரு கதையும் அதே பாறைக்கு உண்டு. இரு கதைகளும் சண்டையின்றி வாழ்கின்றன. கடலோரப் பாறையைத் தெய்வத்தின் ஓடமாகக் காண்பது உகந்தைக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. ஸ்பெயினின் கலீசியாவில், முசீயா என்ற மீனவர் ஊரில், மாதா வந்த படகின் அடிமரமும் பாயும் என்று இரண்டு பாறைகளை இன்றும் காட்டுகிறார்கள். ஒருவரையொருவர் கேள்விப்படாத இரு கரைகளிலும் கடல் தேய்த்த பாறை ஒரே விதமாகக் கதையாகியிருக்கிறது.

குரங்குப் படையின் கற்கள்

வாகரைக்கும் வெருகலுக்கும் இடையில் உள்ள கதிரவெளியில்தான் இப்பகுதியின் மிகப் பழைய கற்கள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி அமைத்த பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் அவை. ஊரார் அவ்விடத்துக்கு வைத்த பெயர் ‘குரங்கு படையெடுத்த வேம்பு’. ஆளுயரக் கல்லை யார் தூக்கியிருப்பார் என்ற கேள்விக்கு இராமனின் வானரப் படையே விடை. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் இதே வகைக் கற்திட்டைகளை ‘மோரியர் வீடு’ என்று சொல்லிக் குள்ள மனிதரின் குடியிருப்பாக நம்பினார்கள். மால்ட்டாவின் கோசோ தீவில் 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஜிகந்தியா கோயிலை, பிள்ளையைத் தோளில் சுமந்த ஓர் அரக்கி கட்டினாள் என்றார்கள். செத்தவர் இன்னார் என்ற நினைவு அற்றுப்போனால் குரங்கோ, குள்ளனோ, அரக்கியோ அவ்விடத்துக்கு வந்துவிடுவார்கள்.

இலங்கையில் இவ்வகைப் புதைப்புகள் கிறித்துவுக்கு முந்தைய ஆயிரம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பொம்பரிப்புத் தாழிகளை 1970 இல் விமலா பெக்லி அகழ்ந்தார். தம்புள்ளைக்கு அருகிலுள்ள இப்பன்கட்டுவையின் கற்பெட்டிப் புதைகுழிகளும் அகழ்ந்து ஆராயப்பட்டன. தமிழகத்துப் புதைகுழிகளோடு இவற்றுக்குள்ள ஒற்றுமை ஆய்வாளர்கள் நெடுநாளாகப் பேசிவருவது. கதிரவெளிக்கோ அவ்வளவு பேர் இல்லை. 2006 இறுதியில் வாகரைப் போரில் அப்பகுதி மக்கள் மொத்தமாக இடம்பெயர நேர்ந்ததால் கதை சொல்லும் கிழவர்களும் கற்களை விட்டுப் போனார்கள்.

கல்நந்தி

இத்தொகுதியில் அதிகம் சொல்லப்படுவது, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைக் கதை. தேன் எடுக்கப் போன திடகன் என்ற வேடன் கொக்கட்டி மரத்தில் கோடரி போட, வெட்டுவாயில் இரத்தம் பெருகியது. வெட்டிய இடத்தைத் துணியால் மூடிவிட்டு, மண்முனையில் ஆட்சி செய்த உலகநாச்சியிடம் ஓடினான். அவள் வந்து பார்த்து, தானாய்த் தோன்றிய லிங்கத்துக்குக் கோயில் எடுத்தாள், அதுவே தான்தோன்றீசுவரம்.

உலகநாச்சி யார் என்பதை மட்டக்களப்பு மான்மியம் சொல்கிறது. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த அந்நூலில் அவள் கலிங்க மன்னன் குகசேனனின் மகள். தம்பியோடு இலங்கைக்கு வந்து மேகவர்ணனிடம் நிலம் பெற்றவள். புத்தரின் தந்ததாது 4 ஆம் நூற்றாண்டில் கலிங்கத்திலிருந்து கீர்த்தி சிறீ மேகவர்ணன் காலத்தில் வந்ததென்ற பௌத்த மரபோடு இக்கதை ஒட்டியே செல்கிறது. பௌத்தக் கதையும் சைவக் கதையும் ஒரே கப்பலில் வந்தன என்றே மான்மியக்காரர் கருதினார்போலும். வேடன் கண்டான், அரசி கட்டினாள், குடிகள் காத்தன என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். கோயிலில் யாருக்கு எந்த முறை, எந்தக் குடிக்கு எந்த மரியாதை என்ற வழக்குகளுக்கு இவ்வரிசையே ஆதாரப் பத்திரம். டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட மட்டக்களப்பு ஆய்வு நூல் குடிமுறையையும் கோயிலுரிமையையும் விரிவாகப் பேசுகிறது.

மூன்றாம் அடுக்கு பறங்கியர் காலத்துக்குரியது. கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தளபதி வாசலில் இருந்த கல்நந்தியைக் காட்டி, ‘உங்கள் மாடு புல் தின்னுமா?’ என்று எள்ளினான். பூசகர் அறுகம்புல்லை நீட்டினார். நந்தி எழுந்து புல்லைத் தின்று, சாணமிட்டு, தளபதியை உதைத்துத் தள்ளியது. கோயில் தப்பியது. மதுரையில் கல்யானை கரும்பு தின்ற திருவிளையாடல் தெரிந்தவருக்கு இக்கதையின் வித்து எங்கிருந்து வந்ததென்பது விளங்கும். மதுரையில் சோதித்தவன் பாண்டியன். பணிந்தான், வரம் பெற்றான். கொக்கட்டிச்சோலையில் சோதித்தவன் கோட்டை கட்ட வந்த அந்நியன். அவனுக்குக் கிடைத்தது உதை. திருக்கோணேச்சரம் 1620களில் இடிக்கப்பட்டது. மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் கோட்டை 1628 இல் எழுந்தது. 1638 இல் அதை ஒல்லாந்தர் பிடித்தனர். அயலில் ஒரு பெருங்கோயில் தரைமட்டமான செய்தி பரவிய நாட்டில், தங்கள் கோயில் நின்றதற்குக் காரணம் சொல்ல ஒரு மாடு எழுந்து நிற்க வேண்டியிருந்தது. தொகுதியிலேயே அரசியல் கூர்மை மிகுந்த கதை இதுதான் என்று சொல்லலாம்.

மலைகளும் இன்றைய வழக்கும்

சித்தாண்டிக்கு மேற்கே காட்டுக்குள் எழும் குடும்பிமலை, கரடியனாற்றுப் பக்கத்துக் குசலானமலை, தென்மேற்கே தாந்தாமலை ஆகியவை பழம்பாறைத் தனிக்குன்றுகள். குசலானமலையில் பிராமி எழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவ்வகைக் குகைக் கல்வெட்டுகள் பெரும்பாலும், இன்னார் இக்குகையைப் பௌத்த சங்கத்துக்குக் கொடுத்தார் என்ற ஒற்றை வரிதான். அதே மலையில் முருக வழிபாடும் நடக்கிறது. தாந்தாமலையிலும் பழைய இடிபாடுகளுக்கு நடுவே முருகன் கோயில் இருக்கிறது, ஆடியில் திருவிழா.

பிக்கு போனபின் வேடனும், வேடனுக்குப் பக்கத்தில் வயற்காரனும் அதே பாறையைத் தெய்வமாக வைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஐதீகம் இவ்வளவு காலமும் செய்துவந்த வேலையே அதுதான்: முன்னவரின் கல்லைப் பின்னவருக்கு உரியதாக்குவது. கல்வெட்டு ஒரு காலத்தை மட்டும் சொல்லும். அதை மட்டும் வைத்து இன்றைய உரிமையைத் தீர்க்கப் புகுந்தால் வம்புதான். 2020 ஜூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமையைப் பேணுவதற்கென ஜனாதிபதி செயலணி ஒன்று பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. குசலானமலை போன்ற தலங்களில் பூசைக்குப் போகும் ஊராரும் தொல்பொருள் அறிவிப்புப் பலகையும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது இச்சூழலில்தான்.

பதிவும் வழக்கும்

எஸ். ஓ. கனகரத்தினம் 1921 இல் வெளியிட்ட மாவட்ட நூலும், வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) நூலும் இப்பகுதியின் பழமரபுகளை அச்சில் ஏற்றியவற்றுள் முதன்மையானவை. ஏட்டிலும் அச்சிலும் ஏறியவை பெரும்பாலும் கோயிலுடைய தலங்களின் கதைகள். கோயில் இல்லாத கதிரவெளிக் கற்களைப் பற்றி வாகரைக் கிழவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைக்கும் வேலையைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் இப்போதே தொடங்கவேண்டும். வந்தாறுமூலை வளாகத்திலிருந்து அது பகற்பொழுதில் போய்வரும் தூரம்தான்.

வாய்மொழியில் இக்கோவையை உயிரோடு வைத்திருப்பது கதிர்காமப் பாதயாத்திரை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள் வெருகல், சித்தாண்டி, திருக்கோவில் வழியாக உகந்தைக்கு நடக்கிறார்கள். அங்கிருந்து கதிர்காமத்துக்குச் செல்லும் காட்டுப்பாதை, ஆடிவேல் விழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டுமே திறக்கப்படும்.