ஐஸ், உப்பு, அடுப்பு: மெரினா மீன் சந்தையும் எங்கட ஸ்கந்தபுரமும்

நெல்லை மூட்டை கட்டி மாதக்கணக்கில் வைக்கலாம். மீனை ஒரு பகல் வெயிலில்கூட வைக்கேலாது. அதைக் காப்பாற்ற மனுசரிட்டை இருந்த முக்கியமான வழிகள் மூன்று: ஐஸ், உப்பு, நெருப்பு. இந்த மூன்றில் எது யாருடைய கையில் இருந்தது என்று பார்த்தால் ஒரு மீன் சந்தையின் வரலாறு விளங்கும் என்பது எங்கட எண்ணம்.

சென்னை மெரினாவை எடுத்துக்கொள்வோம். நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகள் அந்தக் கரையை ஒட்டித்தான் இருக்கின்றன. காலையில் பெண்கள் மீன் விற்பினம். பின்னேரமானால் அந்தக் கரையிலேயே மசாலா தடவின மீன் எண்ணெயில் பொரியும். நாங்கள் அறக்குளா என்கிறதை அங்க வஞ்சிரம் என்பினம். நெத்தலி அங்க நெத்திலி. சந்தையும் சாப்பாட்டுக்கடையும் ஒரே கரையில். விலைப்படாத மீன் நட்டமாகாமல் சட்டிக்குப் போகுது. அந்தக் காசு மீன் பொரிக்கிற பெண்ணின்ர கைக்கு நேரே வருது.

நடுக்குப்பத்துக்குக் கிட்ட ஐஸ் ஹவுஸ் என்றொரு பழைய கட்டடம் இருக்கு. 1842 வாக்கில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டினது. 1897இல் விவேகானந்தர் தங்கினதும் அங்கதான். அந்த ஐஸ் வெள்ளைக்காரரின் குடிபானத்தைக் குளிராக்க வந்ததே தவிர, பக்கத்துக் குப்பத்து மீனைக் காப்பாற்ற வரவில்லை. ஐஸ் எட்டாத சனத்துக்கு உப்பும் அடுப்பும்தான் மிச்சம்.

அந்தக் கரையும் அவர்களுக்கு நிம்மதியாகக் கிடைக்கவில்லை. 1985 கடைசியில் மெரினாவை அழகுபடுத்துவதென்று சொல்லிப் படகுகளையும் வலைகளையும் அகற்றப் போனார்கள். எதிர்த்த மீனவர்கள் மீது பொலிஸ் சுட்டது; உயிர்கள் போயின. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. 2017 ஜனவரி 23ஆம் திகதி, ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்ட அன்று, நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. பொலிஸ்தான் கொளுத்தினது என்று அங்கத்தைய பெண்கள் குற்றம்சாட்டினார்கள். போராடின மாணவர்களுக்கு உதவின குப்பம் அது என்பதை எங்களைப் போல பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஆக்கள் மறக்கக்கூடாது.

2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் லூப் ரோட்டுக் கடைகளின் விசயத்தைத் தானாகவே வழக்காக எடுத்தது. கடைகள் அகற்றப்பட்டன, மீனவர்கள் ரோட்டை மறித்தார்கள். 2024 ஆகஸ்ட்டில், ஏறக்குறைய 15 கோடி ரூபாய் செலவில், 360க்கு மேற்பட்ட கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரையும் தண்ணியும் கட்டாயம் தேவைதான். ஆனால் இப்படியான திட்டங்களில் மீன் விற்கிற மேசையைக் கணக்குப் பார்க்கிற அளவுக்கு, மீன் பொரிக்கிற அடுப்பையும் கணக்கில் எடுக்கினமா?

டோக்கியோவைப் பாருங்கோ. 1923 பூகம்பத்தில் நிஹொன்பாஷி மீன் சந்தை அழிய, 1935இல் சுகிஜி சந்தை திறந்தது. விடிய முந்தி வேலைக்கு வந்த தொழிலாளர் பசியாறின சின்னச் சாப்பாட்டுக்கடைகளைத் தேடிப் பிறகு உலகமே வந்தது. 2018 ஒக்டோபரில் மொத்த வியாபாரம் தொயோசுவுக்குப் போனபிறகும் வெளிச்சந்தைக் கடைகள் சுகிஜியிலேயே நிற்கின்றன. அங்க சந்தைச் சாப்பாடு சுற்றுலாப் பெருமை. மெரினாவில் அதே வேலையைச் செய்கிற பெண்ணுக்குக் கிடைக்கிற பெயர் ஆக்கிரமிப்பு.

இனி எங்கட பக்கம் வருவம். ஸ்கந்தபுரத்தில் கடல் இல்லை. பக்கத்தில் அக்கராயன்குளம் இருக்கு. கடல்மீன் பூநகரி, நாச்சிக்குடாப் பக்கத்திலிருந்து வரவேணும். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போக, சனம் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவி என்று நகர்ந்தது. பொருளாதாரத் தடைக் காலம். எரிபொருளுக்கே தட்டுப்பாடு என்றால் ஐஸுக்கு எங்க போறது? எங்களுக்கு மிஞ்சினது உப்பு. கருவாடுதான் அந்தக் காலத்தின்ர குளிர்சாதனப் பெட்டி. நெருப்பு வீட்டுக் குசினிக்குள்ளேயே நின்றது; சந்தைக்கு வரவில்லை.

2009க்குப் பிறகு ஐஸ் வந்தது. ஆனால் அது லொறியோடு வந்து மீனையும் ஏற்றிக்கொண்டு போனது. 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் கொரோனா பரவினபோது நாடு முழுக்க மீன் வியாபாரம் படுத்ததை எல்லாரும் கண்டோம். தொலைவிலுள்ள ஒரு சந்தையில் அந்தளவுக்குத் தங்கியிருக்கிறம்.

எங்கட கேள்வி இதுதான். வன்னியில் குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்துகிற பெண்கள் எத்தனையோ பேர். புதுச் சந்தைக்கு வரைபடம் கீறும்போது, மீன் வெட்டுற மேசைக்குப் பக்கத்தில் தண்ணிக் குழாய், கழிவு வாய்க்கால், நாலு அடுப்பு, ரெண்டு வாங்கு போட என்ன தடை? அக்கராயன்குளத்துத் திலாப்பியாவைப் பச்சையாக விற்கிற விலைக்கும் பொரிச்சு விற்கிற விலைக்கும் இடையில் உள்ள காசு ஊருக்குள்ளேயே நிற்கும்.

உங்கட அம்மம்மாவிட்டையோ அப்பம்மாவிட்டையோ ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ: 96இல் மீன் எங்கேயிருந்து வந்தது, யார் கொண்டு வந்தது, கருவாடு யார் போட்டது? சொல்லுறதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. எங்கட சந்தையின் வரலாறு இன்னும் அவையின்ர வாயில்தான் இருக்கு.