ஹெபாரின் வரலாறு: பெயரும் பொருளும்

தமிழிலக்கிய வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர்ப்பாடுகளுள் ஒன்று பெயரொற்றுமை ஆகும். ஔவையார் என்னும் பெயர் சங்க காலத்தும் வழங்கிற்று, பிற்காலத்தும் வழங்கிற்று. பெயர் ஒன்றாதல் பற்றிப் புலவரும் ஒருவரே எனக் கொண்டார் காலவாராய்ச்சியில் இடறினர். இவ்விடறல் இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. குருதி உறைதலைத் தடுக்கும் ஹெபாரின் என்னும் மருந்தின் வரலாற்றிலும் இது நிகழ்ந்துள்ளது; ஆங்கு உயிர்களும் இழக்கப்பட்டன. அவ்வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

கந்தகத்தை நம் சித்த மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். ஓரணுக் கந்தகத்தோடு நான்கணு ஆக்சிஜன் கூடிய தொகுதியே சல்பேட்டு எனப்படும். உடல் இதனைப் பிற பொருள்களோடு தானே இணைக்கின்றது என்னும் உண்மையை 1876இல் ஜெர்மானிய வேதியியலார் யூஜென் பௌமன் வெளிப்படுத்தினார். கார்பாலிக் அமிலம் கொண்டு மருத்துவம் செய்யப்பெற்ற நோயாளியின் சிறுநீரில், அவ்வமிலம் சல்பேட்டோடு கூடியிருத்தலை அவர் கண்டார். வேண்டாப் பொருளை நீரிற் கரையச் செய்து வெளியேற்றும் வழியே இது என முதலிற் கருதப்பட்டது. இவ்விணைப்புக்குச் சல்பேட்டை ஏந்தி வந்து கொடுக்கும் மூலக்கூற்றை 1950களில் லிப்மனும் ராபின்சும் இனங்கண்டனர். கழிவகற்றல் சல்பேட்டின் பணிகளுள் ஒன்றே என்பதற்கு ஹெபாரின் சிறந்த சான்றாகும்.

1916இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர் பேராசிரியர் வில்லியம் ஹவலின்கீழ் ஆய்வு செய்துவந்தார். குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடுவதே அவர்க்கு இடப்பட்ட பணி. ஆனால், இதயத்தினின்றும் கல்லீரலினின்றும் அவர் பிரித்தெடுத்த பொருள்கள் சில, நாட்பட நாட்பட உறையச் செய்யும் ஆற்றலை இழந்து, உறைதலைத் தடுக்கலாயின. பூனையின் குருதியிற் கல்லீரற்பொருளைக் கலந்து, அஃது உறையாதிருத்தலைத் தம் ஆசிரியர்க்குக் காட்டியதாக மக்லீன் பின்னாளில் எழுதினார்.

1918இல் ஹவல், ஹோல்ட் என்பாருடன் சேர்ந்து, நாயின் கல்லீரலினின்று பெற்ற உறைவெதிர்ப் பொருளுக்கு ஹெபாரின் எனப் பெயரிட்டார். கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தமையின் இது காரணப்பெயர். மக்லீன் கண்டதும் 1918இல் பெயரிடப்பட்டதும் கொழுப்பினம் சார்ந்த பொருள்கள். 1920களில் ஹவல் நீரிற் கரையும் வேறொரு பொருளைப் பிரித்தெடுத்தார்; அது சர்க்கரையினத்தைச் சார்ந்தது. பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. இன்றைய ஹெபாரின் பிந்தியதன் வழிவந்ததே ஆகும். கண்டுபிடித்தவர் தாமே என உரிமை கொண்டாடிய மக்லீன் 1957இல் மறைந்தார்; அவர் எழுதிய வரலாறு 1959இல் அச்சாயிற்று. அவ்வுரிமையை முற்றும் ஏற்றலும் முற்றும் மறுத்தலும் பொருந்தா என்பது நம் கருத்து. வழியைத் திறந்தவர் மக்லீன். இன்று நாம் ஹெபாரின் என வழங்கும் பொருளை நோக்கிச் சென்றவர் ஹவல்.

பின்னர்க் கனடாவின் டொராண்டோ நகரில், இன்சுலின் ஆய்வாற் புகழ்பெற்ற சார்லஸ் பெஸ்டும் அவர்தம் குழுவினரும் ஹெபாரினைத் தூய்மைப்படுத்தினர். 1930களின் பிற்பகுதியில் அது மருத்துவத்திற் பயன்படலாயிற்று. 1935இல் சுவீடன் நாட்டு எரிக் யோர்ப்பஸ் அதன்கண் சல்பேட்டு மிக்கிருத்தலை நிறுவினார். அதன் சர்க்கரைச் சங்கிலியில் இரு சர்க்கரை கொண்ட ஓர் அலகுக்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டரைச் சல்பேட்டுத் தொகுதிகள் உள.

எனினும் எண்ணிக்கை மட்டும் போதாது, இடமும் வேண்டும். ஹெபாரின் தனித்து நின்று உறைதலைத் தடுப்பதில்லை. குருதியிலுள்ள ஆண்டித்ராம்பின் என்னும் புரதத்தைப் பற்றி, அதன் தடுப்பாற்றலை விரைவுபடுத்துகின்றது. அப்பற்றுதலுக்கு ஐந்து சர்க்கரை கொண்ட ஒரு தொடர் இன்றியமையாதது. அதன் நடுச்சர்க்கரையின் மூன்றாம் கார்பனில் ஒரு சல்பேட்டு நிற்றல் வேண்டும். அஃது இல்லையேல் பற்றுதல் பெரிதும் தளரும். எழுத்தொன்று நீங்கச் சொற்பொருள் திரிவது போன்றது இது.

இனி 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் காண்போம். 2007இன் இறுதியிலும் 2008இன் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஹெபாரின் ஏற்றப்பட்ட நோயாளர் பலர், அவருள்ளும் டயாலிசிஸ் செய்துகொண்டோர், திடீரெனக் குருதியழுத்தம் வீழ்ந்து மூச்சுத் திணறினர். 80க்கு மேற்பட்ட இறப்புகள் அம்மருந்தோடு தொடர்புடையனவாகலாம் என அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது. அக்காலத்தே ஹெபாரின் பெரும்பாலும் பன்றிக்குடலினின்றே எடுக்கப்பட்டது. பெயரின் காரணமாகிய கல்லீரல் என்றோ கைவிடப்பட்டிருந்தது. மூலப்பொருளிற் பெரும்பங்கு சீனாவினின்று வந்தது. ஆங்குப் பன்றிகளிடைப் பரவிய நோயால் தட்டுப்பாடும் நேர்ந்திருந்தது.

ஆராய்ந்தபோது மருந்தில் வேறொன்று கலந்திருத்தல் புலனாயிற்று. குருத்தெலும்பிற் காணப்படும் காண்ட்ராய்டின் சல்பேட்டு இயற்கையில் அலகுக்கு ஏறத்தாழ ஒரு சல்பேட்டே உடையது. கலப்பிலோ அலகுக்கு நான்கு இருந்தன. மிகைச் சல்பேட்டு ஏற்றப்பெற்ற அது மனிதர் ஆக்கியதேயன்றி இயற்கைப் பொருளன்று. அதன் மிகுந்த எதிர்மின்னேற்றம் குருதியிலுள்ள நொதிகளைத் தூண்டி, பிராடிகைனின் என்னும் பொருளைப் பெருக்கிற்று. அதனாற் குருதியழுத்தம் வீழ்ந்தது. மலிவான பொருளை இலாபங்கருதிக் கலந்தனர் என அமெரிக்க அதிகாரிகள் ஐயுற்றனர்.

அக்கலப்பு முன்னரே பிடிபடாமைக்குக் காரணம் யாது? அதுவும் குருதி உறைதலை ஓரளவு தடுத்தது. உறைவுச் சோதனை செயலை அளந்ததேயன்றிப் பொருளை நோக்கிற்றில்லை. காந்தப் புல ஒத்ததிர்வு போன்ற முறைகள் மூலக்கூற்றின் அமைப்பையே காட்டியபின் உண்மை வெளிப்பட்டது. அதன்பின் மருந்தியல் விதிநூல்கள் இத்தகைய சோதனைகளைக் கட்டாயமாக்கின.

ஆகவே ஒரே பிழை இருமுறை நேர்ந்தமை தெளிவு. 1918இல் தொடங்கிச் செயல் ஒன்றாதல் பற்றி வேறுபட்ட பொருள்கள் ஒரு பெயர் பெற்றன. விளைந்தது புகழ்ப் பூசலே. 2008இலும் செயல் ஒத்தமை பற்றிப் பொருளும் ஒன்றெனக் கொள்ளப்பட்டது, விளைந்தது உயிர்க்கேடு. புலவரைப் பெயரால் மட்டும் துணியாது, பாடலின் நடையும் சொல்லும் காலமும் நோக்கித் துணிக என்பது நம் துறையின் நெறி. மருந்தைச் சோதிப்பார்க்கும் அந்நெறியே பொருந்தும் என்க.