தானம் கொடுத்த மாட்டின் பல்: பிட்கீப்பரும் கிட்டும்

காலையில் ஆபீஸில் உட்கார்ந்ததும் நான் அடிக்கிற முதல் கமாண்ட் 'கிட் புல்'. போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, கிட் வர்றதுக்கு முன்னாடி லினக்ஸ் ஆளுங்க எதை வெச்சு வேலை பார்த்தாங்க?" டீக்கடையில் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதி வைக்கிறேன்.

1991-இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னலுக்குப் பத்து வருஷம் வரை பெரிசா எந்தக் கருவியும் கிடையாது. ஈமெயிலில் பேட்ச் வரும், லினஸ் டோர்வால்ட்ஸ் பார்த்துச் சேர்ப்பார். அன்றைக்குப் பிரபலமான சிவிஎஸ் அவருக்குக் கட்டோடு பிடிக்காது. பேட்ச்கள் குவிந்து அவரால் சமாளிக்க முடியாமல் போனபோது, 2002-இல் பிட்கீப்பருக்கு மாறினார். லாரி மெக்வோய் என்பவரின் பிட்மூவர் கம்பெனி தயாரித்த மென்பொருள் அது. காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஓப்பன் சோர்ஸ் ஆட்களுக்கு மட்டும் இலவசம்.

இலவசம்னா சும்மா இல்லை, நிபந்தனைகள் இருந்தன. பிட்கீப்பரின் சோர்ஸ் கோடு கிடைக்காது. போட்டியாக இன்னொரு வெர்ஷன் கண்ட்ரோல் கருவி செய்கிறவர்கள் இலவசப் பதிப்பைப் பயன்படுத்தக் கூடாது. அதாவது, மாலையில் வீட்டில் உட்கார்ந்து நீங்கள் என்ன எழுதலாம் என்பதையும் அந்த லைசென்ஸ் தீர்மானித்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் மாதிரி ஆட்கள் அப்போதே எதிர்த்தார்கள். லினஸோ, நல்ல கருவி, வேலை நடக்கிறது, போதும் என்ற கட்சி.

மூன்று வருஷம் ஓடியது. அப்புறம்தான் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் வருகிறார். சாம்பாவை எழுதிய ஆஸ்திரேலியாக்காரர். நெட்வொர்க்கில் என்ன போகிறது, வருகிறது என்று பார்த்தே ஒரு புரோட்டோகாலைப் புரிந்துகொள்வதில் கைதேர்ந்தவர். பிட்கீப்பர் சர்வரிலிருந்து கெர்னல் வரலாற்றை எடுக்க அவர் தனியாக ஒரு சின்னக் கருவி எழுதத் தொடங்கினார். சிவிஎஸ் வடிவத்தில் பிட்மூவரே ஒரு நகல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் முழு விவரமும் அதில் கிடையாது.

மெக்வோய்க்குக் கோபம் வந்தது. 2005 ஏப்ரலில் இலவசப் பதிப்பை நிறுத்துவதாக அறிவிப்பு வெளியானது. அதே மாதம் கான்பெராவில் நடந்த மாநாட்டில் டிரிட்ஜெல் மேடையிலேயே செய்து காட்டினார்: டெல்நெட் மூலம் பிட்கீப்பர் சர்வருடன் இணைந்து 'ஹெல்ப்' என்று அடித்தார். என்னென்ன கமாண்ட் உண்டு என்று சர்வரே பட்டியல் போட்டது!

இப்போ கேள்விக்கு வருவோம். அவர் செய்தது தப்பா?

சட்டப்படி பார்த்தால், லைசென்ஸ் என்பது ஒத்துக்கொண்டவரைக் கட்டும். டிரிட்ஜெல் பிட்கீப்பரை இன்ஸ்டால் செய்யவே இல்லை, எதற்கும் 'சம்மதம்' சொல்லவில்லை. அவரைக் கட்ட அங்கே ஒப்பந்தமே இல்லை என்பதுதான் என் வாசிப்பு.

நியாயம் என்று பார்த்தால் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மெக்வோய் காசு போட்டு, ஆள் போட்டுச் செய்த பொருள் அது. அதைச் சும்மா கொடுத்தவருக்கு, காப்பி அடித்துவிடுவார்களோ என்ற பயம் இருப்பதில் என்ன தப்பு? லினஸே டிரிட்ஜெல்லை வெளிப்படையாகத் திட்டினார்: மாற்று ஒன்றைத் தராமல், இருந்ததையும் கெடுத்துவிட்டார் என்பது அவர் வாதம்.

இரண்டு பக்கமும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. தப்பு 2002-லேயே நடந்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதிய கோடின் முழு வரலாற்றை, ஒருத்தர் மனம் மாறினால் கைவிட்டுப் போகும் இடத்தில் வைத்தார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். லைசென்ஸ் விஷயத்தில் பல்லைத்தான் முதலில் பார்க்கணும். இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பழைய வேலை ஒன்றில், டெலிவரிக்கு ஒரு வாரம் முன்பு, நாங்கள் சேர்த்திருந்த 'ஃப்ரீ' லைப்ரரி வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை என்று தெரியவந்தது. மூன்று ராத்திரி தூங்காமல் மாற்றி எழுதினோம். டவுன்லோட் செய்த அன்றே லைசென்ஸ் ஃபைலைத் திறந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

லினஸ் என்ன செய்தார்? 2005 ஏப்ரல் 3-ஆம் தேதி கிட் எழுதத் தொடங்கினார். 7-ஆம் தேதி கிட் தன் சோர்ஸ் கோடைத் தானே சேமிக்கத் தொடங்கிவிட்டது. ஜூனில் 2.6.12 கெர்னல் கிட் வழியாகவே வெளிவந்தது. லைசென்ஸ் ஜிபிஎல் 2. போட்டிக் கருவி செய்யக் கூடாது என்ற பேச்சே இல்லை. பிட்கீப்பரும் 2016-இல் அப்பாச்சி லைசென்ஸில் சோர்ஸ் கோடைத் திறந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஊரே கிட்டுக்கு மாறியிருந்தது.

கதையைக் கேட்டுவிட்டு அந்தப் பையன், "அப்போ கிட்ஹப் மட்டும் ஓப்பன் சோர்ஸா அண்ணா?" என்றான். இல்லை. 2018 முதல் அது மைக்ரோசாஃப்ட் கையில். கோடின் வரலாறு ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் குளோனாக இருக்கிறது என்பதால் அது பத்திரம். ஆனால் இஷ்யூக்கள், ரிவ்யூவில் நடந்த வாக்குவாதங்கள் எல்லாம் அந்த குளோனில் வராது. போன வாரம் எங்கள் புராஜெக்ட் இஷ்யூக்களை எக்ஸ்போர்ட் செய்து வைக்க அவனையே ஒரு ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லியிருக்கிறேன்.