மாறாத படமும் மாறும் படமும்

உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1960இல் தொடங்கப்பெற்றது. 1967 முதல் அங்கு ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாராயிற்று. பிலிமில் ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள்கள், உருத்துலக்கும் நீர்மத்தில் கறுத்து வெள்ளியாகின்றன. ஒருமுறை பதிந்த படம் பிறகு மாறாது. ஆகவே, பேசும் படங்களில் வினாடிக்கு 24 தனிப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக விளக்கின்முன் நிறுத்துகிறார்கள்.

கணிப்பொறி வேறு வழியைக் கண்டது. 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆல்ட்டோ என்னும் கணிப்பொறி உருவாயிற்று. அதன் திரையில் 606 × 808 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம் உண்டு. இலக்கத்தை மாற்றினால் புள்ளி கறுக்கும் அல்லது வெளுக்கும். ஆனால், ஏறத்தாழ 4,90,000 இலக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் தாமதமாகும் அல்லவா?

அங்குப் பணியாற்றிய டான் இங்கால்ஸ், 1975இல் ‘பிட்பிளிட்’ என்னும் முறையை வகுத்தார். நினைவகத்தின் ஓரிடத்தில் ஆயத்தமாக உள்ள படத்தின் இலக்கங்களை, திரைக்குரிய இடத்திற்கு ஒரு செவ்வகமாக அப்படியே படியெடுப்பதே அம்முறை. பொத்தானை அழுத்தியதும் அதன்மீதுள்ள படம் மாறுவதற்கு அடிப்படை இதுதான்.

உதகை ஆலை இன்று இயங்கவில்லை. ஆனால், அதன் எக்ஸ்-கதிர்ப் பிலிம் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், படம் தெரியும். கணிப்பொறித் திரையிலுள்ள படமோ மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும். விரைவாக மாற்றும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அது.