ஆங்கில ஆசிரியப் பயிற்சி: மஸ்கெலியாவும் ஹட்டன் கல்வி வலயமும்

மஸ்கெலியா, சாமிமலை, நோர்வூட், பொகவந்தலாவை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆங்கில ஆசிரியராக விரும்புவோருக்கு இன்று பல வாசல்கள் உண்டு. தேசிய கல்வியியற் கல்லூரி, பல்கலைக்கழகப் பட்டம், உயர் தேசிய டிப்ளோமா, திறந்த பல்கலைக்கழகம், ஆசிரியர் கலாசாலை, வெளிநாட்டுச் சான்றிதழ் எனப் பட்டியல் நீளும். அரச நியமனம் கிடைக்குமா, செலவு எவ்வளவு என்பவையே வீட்டில் முதலில் எழும் கேள்விகள். அவை நியாயமான கேள்விகள்தாம். அவற்றோடு, பயிற்சிக் காலத்தில் எந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப் போகிறோம் என்பதையும் கேட்டாக வேண்டும். ஒரு பயிற்சியின் தரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அளவுகோல் வேறில்லை.

பின்னணி

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பை 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. பெரும்பாலான இடங்களில் அது ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு என்றே நின்றது. ஆங்கிலம் துரை பங்களாவிலும் தோட்டக் கந்தோரிலும் இருந்தது, பள்ளியில் இல்லை. 1945இன் இலவசக் கல்வியும் தோட்டப் பள்ளிகளை எட்டவில்லை. 1970களில்தான் அரசு அவற்றைக் கையேற்கத் தொடங்கியது. 1980களில் சுவீடனின் சீடா நிறுவனத்தின் உதவியால் கட்டடங்கள் எழுந்தன. ஆசிரியர் பற்றாக்குறை மட்டும் தொடர்ந்தது. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகிய பாடங்களில் அது இன்னும் கூடுதலாக இருந்தது. 1999இன் கல்விச் சீர்திருத்தத்துக்குப் பின் முதலாம் தரத்திலேயே பேச்சு ஆங்கிலமும், மூன்றாம் தரத்திலிருந்து முறையான பாடமும் வந்தன. பாடம் வந்தது, அதைக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர் எல்லாத் தோட்டப் பாடசாலைகளுக்கும் வந்து சேரவில்லை.

கல்வியியற் கல்லூரிகள்

இலங்கையில் கல்வியியற் கல்லூரிகள் 1985இல் தொடங்கின. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்குச் சட்ட வடிவம் தந்தது. பயிற்சி மூன்று ஆண்டுகள்: இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமாவும், அதன் வழியே ஆசிரியர் சேவை நியமனமும் கிடைக்கும். வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

மஸ்கெலியாப் பக்கத்துக்கு மிக அருகிலிருப்பது பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஜிடிஇசட் நிறுவன உதவியுடன், பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் நோக்கோடு அது எழுந்தது. அங்கே தோட்ட சமூகத்துக்கு எத்தனை இடம் என்ற வாதம் மலையக அரசியலில் பலமுறை எழுந்திருக்கிறது. அந்த வாதம் வீண் பிடிவாதமல்ல. கட்டுறுப் பயிற்சியைத் தோட்டப் பாடசாலையில் முடித்து, அதே வலயத்தில் நியமனம் பெறுபவர் அங்கேயே நிலைக்கும் வாய்ப்பு அதிகம். வெளியூரிலிருந்து நியமிக்கப்படுபவரோ பெரும்பாலும் இடமாற்றத்துக்குக் காத்திருப்பவராகவே இருப்பார்.

ஆங்கிலப் பாடத்துக்கெனவே பெயர் பெற்றவை பெனிதெனியவிலுள்ள பேராதனை கல்வியியற் கல்லூரியும் களுத்துறை மாவட்டத்துப் பஸ்துன்ரட்ட கல்லூரியும். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு இறங்கி ரயில் ஏறினால் பேராதனை தூரமில்லை. களுத்துறை வேறொரு உலகம். பேராதனையில் இன்னொரு அனுகூலமும் உண்டு. சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே விடுதியில் இருக்கும்போது இருவருக்கும் பொதுவாகிப் போவது ஆங்கிலம்தான். வகுப்பில் மட்டும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, சாப்பாட்டு மேசையில் அதைப் பேசும் இரண்டு ஆண்டுகள் பெரும் கொடை.

தெரிவு உயர்தரப் பெறுபேற்றையும் பிரதேச ஒதுக்கீட்டையும் பொறுத்தது. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடநெறி என்பதை அவ்வப்போதைய வர்த்தமானி அறிவித்தலே சொல்லும். விண்ணப்பிக்கும் நாளில் கையில் இருக்க வேண்டியது அதுதான். பக்கத்து வீட்டு அண்ணன் சென்ற ஆண்டு சொன்ன தகவல் போதாது.

ஏற்கெனவே கற்பிப்பவர்கள்

2014இல் மலையகப் பாடசாலைகளுக்கு 3,000க்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்க அறிவித்தல் வெளியானது. அவர்களின் மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபாய், பின்னர் 10,000 ரூபாய். பஸ் கட்டணத்துக்கே திண்டாடியபடி கற்பித்தும் பயின்றும் வந்த அந்த இளைஞர்களின் உழைப்பு இன்னும் உரிய மதிப்பைப் பெறவில்லை. இப்படிப் பயிற்சியின்றிச் சேவைக்குள் வந்தவர்களுக்குக் கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலை போன்றவை கை கொடுக்கின்றன. திறந்த பல்கலைக்கழகத்துக்கு ஹட்டனில் கற்கை நிலையம் இருப்பதால், வேலையை விடாமல் ஆங்கிலக் கற்பித்தலில் டிப்ளோமாவோ பட்டமோ தேடுபவர் அங்கே முதலில் விசாரிக்கலாம். பட்டதாரிகளுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா உண்டு. உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா பெற்றவர்களையும் அரசு ஆங்கில ஆசிரியர்களாகச் சேர்த்திருக்கிறது.

வெளிநாட்டுச் சான்றிதழ்கள்

கேம்பிரிட்ஜின் ஆங்கிலக் கற்பித்தல் சான்றிதழான செல்ட்டா சுமார் 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் மேற்பார்வையின் கீழ் உண்மையான வகுப்பில் கற்பிக்க வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழும் இதற்கு நிகரானது. தனியார் மொழி நிலையத்திலோ வளைகுடா நாட்டிலோ கற்பிக்க நினைப்பவருக்கு இவை உதவும். ஆனால் கட்டணம் தோட்டத்துக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது, பயிற்சி வகுப்பில் இருப்போரும் பெரும்பாலும் வயது வந்தவர்கள். ஒரு பிள்ளைக்குக்கூடக் கற்பிக்காமல் இணையத்தில் சில நாட்களில் தரப்படும் சான்றிதழ்களுக்காக நகையை அடகு வைப்பது வேண்டாம். அரச ஆசிரியர் நியமனம் அவற்றை நம்பி இல்லை.

வகுப்பறை கேட்பது

தோட்டப் பாடசாலையின் மூன்றாம் தர வகுப்பில், மின்விசிறியும் சட்டியும் ஆங்கிலத்தில் ஒரே ‘பேன்’ ஆகிவிடும். ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூல்’ ஆகும். பயிற்சி பெற்றவர் அதைப் பிழையென்று அதட்டுவதில்லை. மின்விசிறியின் ‘ஃபேன்’ வரக் கீழுதட்டின்மேல் மேற்பல்லை வைத்து ஊதிக் காட்டி, பிள்ளைகளையும் ஊத வைப்பார். பெக்டரி, ஸ்டோர், டிவிஷன், லீவு, செக்ரோல் என்று அந்தப் பிள்ளைகள் தினமும் கேட்கும் சொற்களிலிருந்தே பாடத்தைத் தொடங்குவார். பாடநூலில் கடற்கரையும் சுப்பர்மார்க்கெட்டும் வந்தால், மவுசாகலை நீர்த்தேக்கக் கரையையும் சம்பள நாள் சந்தையையும் அங்கே கொண்டுவருவார். இரண்டு தரங்களைச் சேர்த்துக் கற்பிக்க நேர்ந்தால், ஒரு பகுதிக்கு எழுத்து வேலை கொடுத்து மறுபகுதியைப் பேச வைக்கவும் அறிந்திருப்பார்.

இவற்றைப் புத்தகத்தில் மட்டும் படித்துப் பழக முடியாது. ஆகவே சேருமுன் அங்கே பயின்ற ஒருவரைக் கண்டு மூன்று விடயங்களைக் கேட்பது நல்லது: எத்தனை வாரம் வகுப்பில் நின்றார், விரிவுரையாளர் எத்தனை முறை வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார், பார்த்தபின் உட்கார்ந்து பேசினாரா. கட்டுறுப் பயிற்சிக்குப் பாடசாலையைக் கேட்டுப் பெறும் வாய்ப்புக் கிடைத்தால், அனுபவமுள்ள ஆங்கில ஆசிரியர் ஒருவராவது இருக்கும் தோட்டப் பாடசாலையைக் கேட்க வேண்டும்.